வசந்தாமணிக்கு வைத்த இடம்

கம்பி இன்னும் சிவக்கவில்லை. அவசரப்படாதீங்க சார், ஆரஞ்சுப் பழத்தோல் நிறம் வரட்டும் என்று சொல்லிவிட்டு சொல்லிக் கொடுக்கிற பெண் பெனாசிர் அடுத்த உலைக்குப் போய்விட்டாள். நஞ்சப்பன் குறடைப் பிடித்தபடி கரிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். ஆரஞ்சுப் பழம். எந்த ஆரஞ்சு, புளிக்கிற பச்சை ஆரஞ்சா, நோயாளியைப் பார்க்கப் போகையில் பையில் வாங்கிப் போகிற நல்ல பழமா, வசந்தாமணிக்கு அப்படி வாங்கிப் போக ஒரு நாளாவது வாய்த்ததா, ஆஸ்பத்திரி, கட்டில், பக்கத்தில் ஒரு முக்காலி, உரித்த சுளை, ஒன்றுமே இல்லை, காலையில் அவருக்குக் காப்பி கொடுத்தாள், மத்தியானம் சமையலறைத் தரையில் கிடந்தாள், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர், அவ்வளவுதான், இருபத்தொன்பது வருஷக் குடித்தனம் முடிந்துவிட்டது. இன்றைக்கு நாற்பத்தோராம் நாள். காரியமெல்லாம் முடிந்து மகள் பிரதீபா ஓசூருக்குத் திரும்பிப் போய், வீட்டில் அவரும் வசந்தாமணியின் போனும் மட்டும் இருந்தார்கள். அந்தப் போனுக்கு அவர் தினமும் சார்ஜ் போட்டு வந்தார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் கூப்பிடுவதில்லை. நூறிலிருந்து தொண்ணூற்றாறுக்கு இறங்கியதும் மறுபடி செருகிவிடுவார். போன வியாழக்கிழமை சாயங்காலம் அது ஒருமுறை அதிர்ந்து ஒரு செய்தி வந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணி. இரும்பில் சின்ன ஹார்ட் செய்யும் பயிற்சி. வசந்தாமணி மேடம், நீங்கள் கேட்டபடி ஒரு இடம் வைத்திருக்கிறோம். பருத்திச் சேலை அல்லது சுடிதார் கட்டாயம். மூடின செருப்பு போட்டு வரவும்.

கணபதியில் பம்புசெட் பட்டறைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. ஐந்து உலை, வைத்து அடிக்க இரும்பில் ஐந்து பட்டடைக் கல். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு இளம் ஜோடி, ஒரு பல் டாக்டரம்மா, கல்லூரிப் பெண் ஒருத்தி, அப்புறம் அவர். வாசலில் பெனாசிர் காகிதத்தில் பெயர்களைப் பார்த்து, வசந்தாமணி மேடம் வரலீங்களா என்று கேட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், தலையை இறுகத் துணியால் கட்டியிருந்தாள், முன்கையில் பழைய தீத்தழும்புகள். நான் அவங்க வீட்டுக்காரருங்க, அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கறனுங்க என்றார் நஞ்சப்பன். உடம்பு சரியில்லீங்களா? ம், என்றார். ம் என்பது பொய்யா? பொய் இல்லை. உண்மையும் இல்லை. உடம்பு என்று ஒன்று இருந்தால்தானே சரியில்லாமல் போக. அந்த ம் என்பதை அப்போதே திருத்தியிருக்கலாம், ஆனால் வாசலில், முன்பின் தெரியாத பெண்ணிடம், வந்ததும் வராததுமாக. இப்போது அது தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. யாராவது மறுபடி கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். பல் டாக்டரம்மாவுக்கும் அவரைப் போலச் சிங்காநல்லூர் பக்கமாக இருந்தால், தெருவில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்திருந்தால். சிவந்துவிட்டதா? இல்லை. காற்று ஊதும் மோட்டார் ங்ங்ங் என்று ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடம். எதற்கு ஒரு இடம்? அங்கேதான் வியாழக்கிழமையிலிருந்து அவர் மனசு செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு இடம் என்று கேட்டிருந்தால் புரியும். கல்யாண நாளுக்கு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கல்யாண நாள் தையிலேயே போய்விட்டது. ஹார்ட் செய்து யாருக்குக் கொடுக்க? பிரதீபாவுக்கா? பிரதீபா இதையெல்லாம் வாங்கி எங்கே வைப்பாள், மேசையிலா. எனக்கா? எனக்கு ஒரு ஹார்ட் கொடுத்தால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியாதா, வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். அப்போ வேறு யாருக்கு. வெள்ளிக்கிழமை அவர் செய்த காரியத்தை நினைத்தால் இந்த உலையில் தலையைக் கொடுக்கலாம் போல இருந்தது. அவள் போனை ஆதியோடந்தமாகத் துழாவினார். பால்காரர், தையல்காரம்மா, சிலிண்டர், பிரதீபா, உடுமலைப்பேட்டை அக்கா. ஒரு ஆணின் பெயர் அகப்பட்டது, சண்முகம், திறந்து பார்த்தால் குழாய் ரிப்பேர்க்காரன், அண்ணா தண்ணி இன்னும் சொட்டுது என்று அவள் எழுதியிருந்தாள். செத்துப் போனவளின் போனை. தண்ணி இன்னும் சொட்டுது. அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

சார், பூவாணம்! என்று பெனாசிர் ஓடி வந்தாள். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் பார்க்கவில்லை. கம்பியின் முனை ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளைத் தாண்டி வெள்ளையாகி, மத்தாப்பு மாதிரி பொறி தெறித்துக்கொண்டிருந்தது. வெளியே இழுத்ததும் முனை கரைந்து தொங்கியது. எரிஞ்சு போச்சுங்க சார், இனி அது ஆகாது, பரவால்ல, முதல் கம்பியை எல்லாரும் எரிக்கத்தான் செய்வாங்க, இந்தாங்க வேற. முழ நீளத்தில் இன்னொரு சதுரக் கம்பி. அவள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். ஹார்ட்டுன்னு நெனைக்காதீங்க சார், நெனைச்சா வராது. ரெண்டு பக்கமும் முனையைக் கூராக்கறோம். ரெண்டையும் கொக்கி மாதிரி சுருட்டறோம். நடுவுல ஒரு மடிப்பு. கொக்கி ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்து நிக்கும். அவ்வளவுதான் ஹார்ட். அவருக்கு அது பிடித்திருந்தது. இரண்டு கொக்கி, ஒரு மடிப்பு. மில்லிலும் இப்படித்தான், நூல் நூற்கிறோம் என்று யாரும் நினைப்பதில்லை, அறுந்த இடத்தை ஒட்டு, அடுத்தது, அறுந்த இடத்தை ஒட்டு, அடுத்தது. முப்பத்தொரு வருஷம் நூல் மில்லில், அதில் இருபத்தொன்பது வருஷம் ராத்திரி ஷிப்ட், இப்போது மேஸ்திரி. இம்முறை கண்ணை எடுக்காமல் நின்று, பழத்தோல் நிறத்தில் கம்பியை எடுத்துக் கல்லின் மேல் வைத்து அடித்தார். டொக். டொக். கம்பி அசையவில்லை. சார், தட்டாதீங்க, அடிங்க. டொக். இன்னும். டொக். கேரட்டுக்கு மூக்குச் சீவற மாதிரி கூரா வரணும், இது இப்பிடியே ஆறிப் போயிரும். எதிர் உலையில் அந்த ஜோடி மாறி மாறி அடித்தார்கள், பையன் பிடிக்க அவள் அடிக்க, அவள் பிடிக்க அவன் அடிக்க, சிரிப்பு வேறு. பல் டாக்டரம்மா கொட்டகையே அதிரும்படி அடித்தார், முகத்தில் ஒரு கோபமும் இல்லாமல், நிதானமாக. நஞ்சப்பனுக்கு ஒவ்வோர் அடியும் பல்லில் கூசியது. ஐயோ இவ்வளவு சத்தமா என்று முதலில் நினைத்தார், பிறகு, மில்லில் இதைவிடப் பத்து மடங்கு, அங்கே காதோடு காது வைத்துக் கத்தினாலும் கேட்காது, அங்கே கூசவில்லையே, அது மிஷின் சத்தம், இது மனுஷச் சத்தம் என்பதால் கூசுகிறதோ. நாலு தடவை காய்ச்சி, நாலு தடவை அடித்து, ஒரு முனை எப்படியோ கூரானது. கொஞ்சம் கோணல். அடுத்த முனை. வசந்தாமணி என்றால் இதை எப்படி அடித்திருப்பாள்? அவள் கை சின்னக் கை. இந்தச் சுத்தியலை ஒற்றைக் கையால் தூக்கியிருப்பாளா? தெரியவில்லை. அவள் எதையும் அடித்து அவர் பார்த்ததில்லை. துணி துவைக்கையில்கூட அவள் கல்லில் அடிக்க மாட்டாள், கும்மிக் கும்மிப் பிழிவாள்.

சுருட்டுகிற வேலை கொஞ்சம் எளிதாக இருந்தது. கல்லுக்கு ஒரு பக்கம் மாட்டுக்கொம்பு மாதிரி உருண்ட மூக்கு, அதன் மேல் சிவந்த முனையைச் சாய்த்து வைத்துத் தட்டித் தட்டி வளைக்க வேண்டும், இங்கே தட்டலாம், பெனாசிரே சொன்னாள். முதல் கொக்கி நன்றாக வந்தது. மொச்சைக் கொட்டையின் முளை மாதிரி சுருண்டு நின்றது. அவர் அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பார்த்தார். நாற்பத்தொரு நாளில் முதல் முறையாக ஏதோ ஒன்று அவர் கையிலிருந்து வந்திருக்கிறது. பெருமை மாதிரி ஒன்று நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தது, உடனே, இதை யாரிடம் காட்டுவது என்று தேடியது, தேடிய இடம் காலியாக இருந்தது, அந்தக் காலியைத் தாங்க முடியாமல் எதையாவது பிடிக்க வேண்டும் போல இருந்தது, கையுறை கழற்றிய இடது கையால் கம்பியை எடுத்தார். கம்பி கறுப்பாகத்தான் இருந்தது. கறுத்த இரும்புதான் ஆளைச் சுடும், சிவந்ததை யாரும் தொட மாட்டாங்க என்று காலையிலேயே பெனாசிர் சொல்லியிருந்தாள். இரண்டு விரல்கள் கம்பியோடு ஒட்டி விலகின. அவர் கம்பியைப் போடவில்லை. சத்தம் வராமல் கல்லின் மேல் மெல்ல வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை வேட்டித் துணியில் சுற்றிப் பிடித்தபடி நின்றார். கல்லூரிப் பெண்தான் பார்த்துவிட்டு, அக்கா, அங்கிளுக்குச் சுட்டிருச்சு என்றாள். பெனாசிர் அவர் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தாள். கத்துங்க சார், என்றாள், நிஜமாகவே கோபமாக. கை சுட்டாக் கத்தணும். அப்பத்தானே எனக்குத் தெரியும். இங்க அதுதான் முதல் ரூல். நீங்க பாட்டுக்கு வாயை மூடிட்டு நின்னா எப்பிடி? தண்ணீர் விரல்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கோபம் கொஞ்சம் தணிந்து சிரித்தாள். வீட்ல ரெண்டு பேருமே இப்பிடித்தானுங்களா? மேடமும் போன்ல அப்பிடித்தான் பேசினாங்க, குசுகுசுன்னு. அவர் நிமிர்ந்தார். என்னன்னு பேசினா? ஒருதரம் இல்லீங்க, மூணு தரம் போன் பண்ணினாங்க. ஏங்க இவ்வளவு மெதுவாப் பேசறீங்கன்னு கேட்டேன். வீட்ல தூங்கிட்டு இருக்காங்க, அதானுங்கன்னாங்க. சாதாரணமா இங்க போன் பண்றவங்க எல்லாம் என்ன கேப்பாங்க, சத்தம் ரொம்ப வருமா, காதுக்கு ஏதாச்சும் தருவீங்களான்னு. மேடம் உல்டா. நல்லாச் சத்தம் வருமான்னு கேட்டாங்க. ஓங்கி அடிக்கலாமா, அடிச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கள்லன்னாங்க. எனக்குச் சிரிப்பா வந்திருச்சு. முதல் நாள் ஹார்ட்தாங்க மேடம் செய்வோம்னேன். ஹார்ட் என்னுங்க, எனக்கு என்னவா இருந்தாலும் சரி, அடிக்கிற வேலையா இருந்தாச் சரின்னாங்க. பர்னால் தடவிவிட்டு, துணி சுற்றிவிட்டு, இந்தக் கையால இனிக் குறடு மட்டும் லேசாப் பிடிங்க என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

யாருக்கும் இல்லை. ஹார்ட் யாருக்கும் இல்லை. வியாழக்கிழமையிலிருந்து அவர் பட்ட பாடெல்லாம் வீண், அவளுக்கு ஹார்ட்டே வேண்டாம், அவளுக்கு வேண்டியது ஓங்கி அடிப்பது. அவர் உலைக்கு முன்னால் வந்து நின்றார், கம்பியைச் செருகினார், நிறம் வரக் காத்திருந்தார், எல்லாம் தானாக நடந்தது. காலை ஏழேகாலுக்கு மில்லிலிருந்து வருவார். காதுக்குள் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். படுக்கையில் விழுந்த பிறகும் ஓடும். கல்யாணமான புதிதில் ஒருநாள், இப்போது நினைத்தால் அது மூன்றாவது மாசமோ நாலாவது மாசமோ, பத்து மணிக்குக் குக்கர் விசில் அடித்தது, அவர் எழுந்து வந்து சமையலறை நிலைப்படியில் நின்று சொன்னார், கத்தவில்லை, அவர் எப்போதும் கத்தினதில்லை, அதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு, பொண்டாட்டியிடம் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை என்று அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். ராத்திரியெல்லாம் சத்தத்துல நின்னுட்டு வர்றேன் வசந்தாமணி, பகல்லயாவது எனக்கு அமைதி வேணும். அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் அந்த வீட்டில் பகலில் குக்கர் விசில் அடித்ததில்லை. பாத்திரங்களை அவள் துணி விரித்துக் கவிழ்த்தாள். கொலுசைக் கழற்றினாள். மிக்ஸியைச் சாயங்காலம் அவர் எழுந்த பிறகு ஓட்டினாள். வாசலில் கீரைக்காரி கூவுவதற்கு முன்னால் ஓடிப்போய் நின்றாள். பிரதீபா பிறந்தபோது, குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவாள், வைகாசி வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. ஒருமுறை அவர் மாடிக்கு வந்து பார்த்திருக்கிறார், தண்ணித் தொட்டி நிழலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து, எழுப்பிட்டேனுங்களா என்று கேட்டாள். எழுப்பிட்டேனுங்களா. பள்ளிக்கூடத்தில் பிரதீபாவின் டீச்சர், குழந்தை பேசறதே கேக்க மாட்டேங்குதுங்க, காதுல வச்சுச் சொல்ற மாதிரி சொல்றா என்று குறை சொன்னதை வசந்தாமணி ஒரு வேடிக்கை மாதிரி அவரிடம் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். இருபத்தொன்பது வருஷம். அவளுக்குப் பாட வருமா? வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும். அவள் குரல் உரக்க வந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கப் பார்த்தார், குரலே கிடைக்கவில்லை, மூச்சு கலந்த அந்தக் குசுகுசுப்புதான் கிடைத்தது. கம்பி நிறம் வந்துவிட்டது. எடுத்து, மூக்கில் சாய்த்து, இரண்டாவது கொக்கியைச் சுருட்டினார். அவள் இறந்த அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. வீடு அமைதியாக இருந்தது. எப்போதும் போல. தண்ணீர் குடிக்கப் போனார். அவள் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பு சில்லென்று இருந்தது. அது ஒரு நொடியில நடந்திருக்கும், உணர்ந்திருக்கவே மாட்டாங்க என்றார் டாக்டர், எல்லோரும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள், அவரும் தலையாட்டினார். ஆனால் சமையல் மேடையின் மேல் எவர்சில்வர் டம்ளர் நேராக நின்றிருந்தது. பாதி வரை தண்ணீர். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, பிரதீபாவிடம்கூட. ஒரு நொடியில் விழுகிறவள் கையிலிருந்த டம்ளர் தரையில் அல்லவா கிடக்க வேண்டும், தண்ணீர் கொட்டியிருக்க வேண்டும், டணார் என்று உருண்டிருக்க வேண்டும், அடுத்த அறையில் படுத்திருந்த அவர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். ஒருவேளை முன்னமே வைத்திருப்பாள். ஒருவேளை குடித்துவிட்டு வைத்த பிறகுதான் வந்திருக்கும். ஒருவேளை. ஆனால் ராத்திரி மில்லில், பகல் படுக்கையில், பஸ்ஸில், எங்கே கண்ணை மூடினாலும், தலைக்குள் ஏதோ பிளக்கிறபோதும் அவள் அந்த டம்ளரை மேடையில் மெல்ல வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் தரையில் இறங்குவதுதான் தெரிந்தது. கூப்பிட்டாளா? ஏனுங்க என்று ஒருதரமாவது கூப்பிட்டாளா, தூக்கத்தில் காதில் விழவில்லையா, இல்லை, வாய் வரைக்கும் வந்ததை, தூங்கறாங்க என்று அடக்கிக்கொண்டாளா.

கம்பியின் நடுப்பகுதியை மட்டும் காய்ச்சி மடிக்க வேண்டும். அதுதான் கடைசி வேலை. மற்றவர்கள் அந்தக் கட்டத்தில்தான் இருந்தார்கள், மோட்டார்களெல்லாம் ஓட, மூன்று சுத்தியலும் ஒரே நேரத்தில் விழ, கொட்டகைக்குள் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. பெனாசிர் எதிர்ப்பக்கத்திலிருந்து அவருடைய இரண்டு கொக்கிகளையும் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினாள். வாயருகே கையைக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"சூப்பர் சார்! அடுத்த ஞாயித்துக்கிழமை மேடத்தைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க! அவங்க இடத்தை நான் அப்பிடியே வச்சிருக்கேன்!"

நஞ்சப்பன் வாயைத் திறந்தார். சரிங்க என்று சொல்லிவிடலாம். தலையை ஆட்டிவிட்டாலே போதும், வெளியே போய்விடலாம், இனி இந்தப் பக்கமே வர வேண்டாம்.

"அவ இல்லீங்க" என்றார்.

"என்னுங்க சார்?"

"இல்லீங்க அவ."

"கேக்கல!"

மில்லில் என்றால் கையால் சொல்லிவிடுவார், மிஷின் நின்றுவிட்டது என்பதற்கு உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் தூரத்தில் இருப்பவனுக்கும் புரியும். அவரையறியாமல் கை அப்படிக் கவிழ்ந்தது. பெனாசிர் புரியாமல் சிரித்துக்கொண்டே காதில் கை வைத்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க சார்!"

"செத்துப் போயிட்டா!" என்று நஞ்சப்பன் கத்தினார். அப்படி ஒரு குரல் தனக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. "வசந்தாமணி செத்துப் போயிட்டாங்க! நான் பக்கத்து ரூம்ல தூங்கிட்டு இருந்தேன்! எனக்குக் கேக்கலீங்க!"

முதலில் அந்த ஜோடியின் சுத்தியல் நின்றது. பிறகு கல்லூரிப் பெண்ணுடையது. பல் டாக்டரம்மா ஓங்கிய கையை அப்படியே இறக்கினார். யாரோ மோட்டார்களை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். பெனாசிர் உலைகளைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்தாள். "சார்... எனக்குத் தெரியாதுங்க சார். நான் பாட்டுக்குக் காலையிலேர்ந்து..." ஒருவரும் அசையவில்லை. கரி நொறுங்கி உள்ளே இறங்குவது கேட்டது. எல்லோரும் அவருக்காக மூச்சைக்கூட மெல்ல விடுவது போல இருந்தது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றார் நஞ்சப்பன். "நிறுத்தாதீங்க. எனக்காக நிறுத்தாதீங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடிங்க கண்ணு" என்றார் அந்த ஜோடிப் பெண்ணைப் பார்த்து. துணி சுற்றிய கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அடிங்க."

பல் டாக்டரம்மாதான் முதலில் தன் கம்பியைக் கரிக்குள் திருப்பினார். மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கியது, இன்னொன்று. முதல் அடி விழுந்தது, இரண்டாவது, பிறகு எண்ண முடியவில்லை. நஞ்சப்பன் தன் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வாய் திறந்து அழுதார், ஒப்பாரிக்காரி மாதிரி, ஊ ஊவென்று, பெயர் சொல்லி. அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பெனாசிர் மட்டும் பக்கத்துக் கல்லிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரும்பு ஏதும் வைக்காத வெறும் கல்லின் மேல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.